ரிசால்தார் சொன்ன ஆறாவது வாக்கியம்

போன மாதம் பிரவீண் என்கிற இளம் அதிகாரி போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பொதுத்துறை இன்ஷூரன்ஸ் கம்பெனியில், கடைசிவரை நான் நாற்காலி தேய்த்த அதே பிரிவில் இப்போது அவர் உட்கார்ந்திருக்கிறார். ட்ராம்போலின் பார்க்கில் விழுந்தவர், கோ-கார்ட்டில் முட்டிக்கொண்டவர், செயற்கைப் பாறையில் ஏறித் தொங்கியவர் என்று தினம் ஒரு க்ளெய்ம் வருகிறதாம். பயிற்சி வகுப்பில் என்னுடைய குதிரைக் கேஸைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறார்களாம். "எப்படி ஜெயிச்சீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதித் தரணும் சார்" என்று கேட்டார். ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். ரொம்பப் பயன்பட்டது என்று பதில் வந்தது. அந்த நாலு பக்கத்தில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பூர்வீகம் ஆற்காடு பக்கம். நான் பிறந்து வளர்ந்து கல்யாணம் செய்து கடன் கட்டி முடித்ததெல்லாம் ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியில். டைப்பிங் தெரிந்ததால் வேலை கிடைத்தது, டைப்பிங் தெரிந்ததாலேயே எட்டு வருடம் வேறு எதையும் கற்றுக்கொள்ள விடவில்லை. பிறகு தீ விபத்துப் பிரிவில் கொஞ்ச காலம், கடைசியாகப் பொறுப்புக் காப்பீட்டுப் பிரிவு. நம்மிடம் பாலிசி எடுத்தவரால் இன்னொருவருக்குக் காயம் பட்டால், அதற்கு அவர் சட்டப்படி பொறுப்பா, இல்லையா என்று பார்க்கிற வேலை. அவர் பொறுப்பு என்றால் கம்பெனி கொடுக்கும். இல்லை என்றால் கம்பெனியே அவர் சார்பில் வழக்கு நடத்தும். அடிபட்டவர் பக்கத்தில் நாங்கள் நிற்பதே இல்லை என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் சொல்வோம்.

ஆரம்பத்தில் வந்ததெல்லாம் மல்லாபூர் தொழிற்சாலைகள்தான். மதில் இடிந்து சைக்கிள்காரர் மேல் விழுந்தது, லிஃப்ட் கதவில் கை மாட்டியது, இந்த மாதிரி. அப்புறம் ஊருக்கு மேற்கே கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. வாரம் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைகள் சனி ஞாயிறு எதிலாவது ஏறி விழ ஆரம்பித்தார்கள். ஊரைச் சுற்றிக் குதிரைப் பயிற்சிப் பள்ளிகள் வந்தது அந்த வருடங்களில்தான்.

என் மேலதிகாரி மூர்த்தி சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மெலிந்த ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வழக்கில் தாக்கல் செய்யும் எந்த வாக்குமூலமும் அவர் மேஜையைத் தாண்டித்தான் வக்கீலிடம் போகும். எதிரே உட்காரச் சொல்வார். கையில் ஒரு பென்சில். முதல் வாக்கியத்தை வாய்விட்டு வாசிப்பார். தலை நிமிர்ந்து தெலுங்கில், "இதி நிஜமேனா?" என்பார். நிஜம் என்று சொன்னால் ஓரத்தில் ஒரு டிக். அடுத்த வாக்கியம். மறுபடியும் அதே கேள்வி. இருபது வாக்கியம் இருந்தால் இருபது தரம். நடுவில் டீ வந்தால் ஆறிப்போகும். எல்லாம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்கேமைனா உந்தா?" என்று ஒரு கேள்வி. வேறு ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம். இல்லை என்றால் கையெழுத்து. பிரிவில் நாங்கள் இதைக் கிண்டல் செய்யாத நாளில்லை. வீட்டில் ரசத்தில் உப்புப் போட்டதா என்று கேட்டாலும் மூர்த்தி சார் டிக் போடுவார் என்போம்.

முதல் குதிரைக் கேஸில் நான் தோற்றேன். சைனிக்புரியில் ஒரு பிறந்தநாள் விழா. வாடகைக்கு வந்த மட்டக் குதிரையிலிருந்து ஒரு குழந்தை விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஏற்றுவதற்கு முன்னால் குழந்தையின் அப்பாவிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல, சொந்த ரிஸ்க்கில் ஏறுகிறோம் என்று அச்சடித்த படிவம். அது கையில் இருக்கும்போது என்ன கவலை என்று நான் ஆபீஸைவிட்டே கிளம்பவில்லை. நுகர்வோர் மன்றத்தில் ஒரே பத்தியில் முடித்துவிட்டார்கள்: கையெழுத்து வாங்கிவிட்டால் அஜாக்கிரதையாக இருக்க அனுமதி கிடைத்துவிடாது. மூர்த்தி சார் தீர்ப்பைப் படித்துவிட்டு, "ஃபாரத்தைப் பார்த்தீங்க. குதிரையைப் பார்க்கலையே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

இரண்டாவது கேஸ் வந்தபோது, குதிரையைப் பார்த்தே தீருவது என்று கிளம்பினேன்.

சைனிக்புரியைத் தாண்டி, அப்போது இன்னும் முள்காடாக இருந்த இடத்தில் அந்தப் பள்ளி இருந்தது. நடத்தியவர் ரிசால்தார் தேவராஜ். ராணுவத்தின் குதிரைப் பிரிவில் பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால்வரை பூட்ஸ், நரைத்த மீசை, குனியாத முதுகு. என் பெயரைக் கேட்டதுமே, "இன்னா சார், நம்ம பக்கமா?" என்றார். வேலூருக்கு அந்தப் பக்கம் அவர் ஊர். ராணுவ இந்தியும் வேலூர்த் தமிழும் கலந்து பேசுவார். பன்னிரண்டு குதிரைகளில் ஆரம்பித்து, பாதிப் பென்ஷனை அதிலேயே போட்டு, இருபத்திரண்டாக ஆக்கியிருந்தார்.

விழுந்தவள் பெயர் நித்யா. வயது இருபத்தாறு. மாதாப்பூர் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவளும் மல்காஜ்கிரிதான், அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர், தமிழ்க் குடும்பம். அலுவலக நண்பர்கள் இருபது பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்தார்கள். ஐந்தாவது ஞாயிறு, குதிரை ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திருப்பத்தில் சேணம் அப்படியே பக்கவாட்டில் சுழன்றது. வலது முழங்கையில் விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது; நரம்பு கூடவில்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிற வேலை. பள்ளியின் கவனக்குறைவால்தான் விழுந்தேன் என்று மன்றத்தில் வழக்குப் போட்டிருந்தாள். தப்பு பள்ளி மேலா, அவள் மேலா என்பதுதான் கேள்வி.

முதலில் சேணத்தைக் கேட்டேன். அன்று கழற்றியது அப்படியே மாட்டியிருந்தது. தோல் கிழியவில்லை, தையல் விடவில்லை, கொக்கி முறியவில்லை. குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கிப் பிடிக்கிற பட்டைக்குத் 'தங்' என்று பெயர். அதில் பெல்ட் மாதிரி வரிசையாக ஓட்டைகள். கொக்கி இரண்டாவது ஓட்டையில் இருந்தது. ஆனால் தேய்மானம் முழுக்க நாலாவது ஓட்டையில்; வழக்கமாக இறுக்குவது அதுவரைக்கும். ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதே குதிரைக்கு அதே சேணத்தை மாட்டச் சொன்னேன்.

தேவராஜ் சிரித்தார். "இது பெரிய கில்லாடி சார். தங் மாட்றப்ப மூச்சைப் புடிச்சி வயித்த உப்பிக்கும். இறுக்கமா இருக்கிற மாதிரிதான் தெரியும். பத்து நிமிசம் நடக்க வுட்டா மூச்சை வுட்டுடும். அப்ப பாருங்க."

பத்து நிமிடம் நடத்திக் கூட்டி வந்தார்கள். பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் என் முழு முஷ்டியும் போனது. அதனால்தான் ஏறுவதற்கு முன் ஒரு தரம், கொஞ்சம் நடந்தபின் ஒரு தரம், இரண்டு முறை இறுக்க வேண்டும் என்றார். இரண்டாவது இறுக்கலை ராணுவத்தில் ஏறியிருப்பவனேதான் செய்வான். ஆசிரியர் 'தங் தேக்கோ' என்று கத்துவார். எல்லோரும் குனிந்து, விரல் விட்டு, இறுக்கிக்கொண்டு பதில் குரல் கொடுப்பார்கள். இங்கேயும் அப்படித்தான் நடத்தினாராம். முதல் வகுப்பிலேயே எப்படிப் பார்ப்பது என்று செய்து காட்டியிருக்கிறார். நித்யாவோடு வகுப்புக்கு வந்த இரண்டு பையன்களை அலுவலகத்துக்கு வரவழைத்துக் கேட்டேன். ஆமாம், சார் கத்துவார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து 'ஓகே சார்' என்று கத்துவோம், ஜாலியாக இருக்கும் என்றார்கள். குனிந்து பார்ப்பீர்களா என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேணம் மாட்டுவது அவர்கள் வேலைதானே அங்கிள், நாங்கள் காசு கொடுத்து வருகிறோம் என்றான் ஒருவன்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். இந்தத் தரம் படிவத்தைத் தொடவே வேண்டாம். பாதுகாப்புக்கு ஒரு முறை இருந்தது, சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொரு நாளும் கட்டளை கொடுத்திருக்கிறார்கள், சவாரிக்காரர்கள் சரி என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மேல் ஒரு பள்ளி என்ன செய்ய வேண்டும்?

அன்று இரவே தேவராஜின் வாக்குமூலத்தை ஐந்து வாக்கியங்களில் எழுதி முடித்தேன். இத்தனை வருடம் ராணுவத்தில் பயிற்சி கொடுத்தவன். சேணம் நல்ல நிலையில் இருந்தது. பட்டையைச் சோதிக்கும் முறையை முதல் வகுப்பிலேயே செய்து காட்டினேன். அன்று கொஞ்சம் நடந்தபின் பட்டையைப் பார்க்கச் சொல்லிக் கட்டளையிட்டேன். சவாரிக்காரர்கள் சரி என்று பதில் சொன்ன பிறகே ஓட்டத்தை ஆரம்பித்தேன். ஒரு சொல் கூடுதல் இல்லை, குறைவு இல்லை. எடுத்துக்கொண்டு மறுபடி பள்ளிக்குப் போனேன். ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் கரெக்ட்டு சார். ஆறாவது ஒண்ணு கீது."

"என்ன?"

"அவங்க ஓகே சொன்னதும் சொல்லிக் குடுக்கிற உஸ்தாத் வரிசையா நடந்து போவணும். ஒவ்வொரு குதிரைக்கும் ரெண்டு வெரல் வுட்டுப் பாக்கணும். ரிக்ரூட்டு சொல்றதை நம்பக் கூடாது. அதான் ரூல். ஆறு பேரு, எட்டு பேரு வந்தப்ப பாத்தேன். இப்ப இருபது பேரு சார். ஒரு பேட்ச் எறங்கறதுக்குள்ள அடுத்த பேட்ச் கார்ல வந்து ஹாரன் அடிக்கிறான். ஒரு வருசமா நான் வெரல் வுடறதில்ல. அந்தப் பொண்ணு குதிரைக்கும் வுடல. எழுதுங்க."

எழுதினால் கேஸ் அங்கேயே முடிந்தது. இருந்த முறையை ஆசிரியரே கைவிட்டிருக்கிறார். இதைவிடத் தெளிவான கவனக்குறைவை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. மூர்த்தி சாரிடம் சொல்லியிருந்தால், கொடுத்துவிடலாம் என்று ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார். நஷ்டம் என் பையிலிருந்து போகப் போவதில்லை. ஆனால் ஓட்டைகளை எண்ணியது நான், முஷ்டியை விட்டுப் பார்த்தது நான். இரண்டாவது தரமும் தோற்றேன் என்று பிரிவில் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிட கௌரவமான காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பல வருடம் தேடிப் பார்த்துவிட்டேன்.

அவரிடம் சொன்னேன்: "ரிசால்தார் சார், பாலிசியில ஒரு கண்டிஷன் இருக்கு. கம்பெனியைக் கேக்காம நீங்களா தப்பை ஒத்துக்கக் கூடாது. ஒத்துக்கிட்டா கம்பெனி கையை விரிச்சிடலாம். அப்புறம் மொத்தமும் உங்க தலையில."

கண்டிஷன் உண்மைதான். ஆனால் நடந்ததைச் சொல்வது வேறு, பொறுப்பை ஒப்புக்கொள்வது வேறு. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

குதிரைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். "மறைக்கிற மாதிரி கீதே சார்."

"எதையும் மறைக்கலை. மன்றத்துல கேள்வி கேப்பாங்க. அப்ப சொல்லுங்க."

"கேட்டா சொல்லலாமில்ல?"

"தாராளமா."

என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். ஹைதராபாத்தில் வேறு எந்த அதிகாரி சொல்லியிருந்தாலும் தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். நம்ம பக்கத்து ஆள் சொன்னான் என்பதால் கேட்கவில்லை.

மறுநாள் மூர்த்தி சாரின் மேஜை. ஐந்து வாக்கியங்கள், ஐந்து முறை இதி நிஜமேனா, ஐந்து டிக். ஐந்தும் நிஜம்தான். கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்கேமைனா உந்தா?"

"ஏமீ லேது சார்" என்றேன். ஒன்றுமில்லை சார். டீ அன்றைக்கு ஆறக்கூட இல்லை.

விசாரணை நாளில் தேவராஜ் கோட்டு போட்டு, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தார். நுகர்வோர் மன்றத்தில் பெரும்பாலும் எழுத்தில் கொடுத்ததை வைத்துத்தான் வாதம் நடக்கும். எதிர்த்தரப்பு கேட்டாலொழிய சாட்சியைக் கூப்பிட மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். பின்பெஞ்சில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நித்யாவின் வக்கீல் நல்ல மனிதர். குதிரையைக் காலண்டரில்தான் பார்த்திருப்பார். ஹெல்மெட்டின் தரம், குதிரையின் வயது, படிவத்தின் செல்லாத்தன்மை என்று முக்கால் மணி நேரம் பேசினார். படிவத்தைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை என்பதால் அந்தப் பேச்சு அந்தரத்தில் நின்றது. பட்டையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

"எப்ப சார் என்னைக் கூப்புடுவாங்க?" என்று தேவராஜ் இரண்டு தரம் காதோரம் கேட்டார். மூன்றாவது தரம் கேட்கவில்லை.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. பள்ளியின் கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை, பட்டையைச் சோதிக்கும்படி கட்டளை தரப்பட்டும், சரியாகப் பார்க்காமல் சரி என்று சொன்னது மனுதாரரே, மனு தள்ளுபடி. நாங்கள் எழுதியது 'சவாரிக்காரர்கள் பதில் சொன்னார்கள்' என்று. இருபது பேர் சேர்ந்து கத்தியதில் அவள் குரல் இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. மன்றம் அந்த இருபது குரலையும் எடுத்து அவள் ஒருத்தி வாயில் வைத்துவிட்டது. தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மூர்த்தி சார் எழுந்து நின்று கை கொடுத்தார்.

தேவராஜ் அடுத்த ஞாயிறே வகுப்பை ஆறு பேர், ஆறு பேராக உடைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வருமானம் பாதியானது. ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு விரல் விட்டுப் பார்த்தபின்தான் விசில். பாலிசியைப் புதுப்பிக்க அலுவலகத்துக்கு வருவார், போவார். என் மேஜைப் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் மதியம் நித்யா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். நீல உறைக்குள் வலது முழங்கை. பெயரைச் சொல்லாமலே அடையாளம் தெரிந்தது. மேல்முறையீட்டுக்குக் காப்பி கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, வக்கீல் மூலமாக வரச் சொல்ல வாயெடுத்தேன்.

"அப்பீல் இல்லை அங்கிள்" என்றாள். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றையும் கலந்து, பள்ளியில் தமிழே படிக்காத மல்காஜ்கிரிப் பிள்ளைகள் பேசுகிற மாதிரி பேசினாள். "அப்பா வேணாம்னுட்டார். ஒன்னு மட்டும் அடகணும், கேட்டுட்டுப் போயிடறேன். நீங்கதான் எல்லாம் இன்வெஸ்டிகேட் பண்ணீங்கன்னு லாயர் சொன்னாரு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் ஓகேன்னு சொன்னேனா? எனக்கு அசலு ஞாபகமே இல்லை. ட்ரை பண்ணிப் பண்ணிப் பாக்கறேன். வீட்ல எல்லாரும் சொல்றாங்க, நீ பாக்காம கத்திட்ட, அதான் விழுந்தேன்னு. ஆபீஸ்லயும் அதேதான். எனக்கே இப்ப அப்படித்தான் தோணுது." கொஞ்சம் நிறுத்தினாள். "பணம் போனா போகட்டும் அங்கிள். மிஸ்டேக் என்னோடதுதானா, அது மட்டும் சொல்லுங்க."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மூர்த்தி சாரின் அறைக்கதவு திறந்துதான் இருந்தது. இரண்டு விரல், ஒரு வருடம், அவ்வளவு சொன்னால் போதும். அவளுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

"ஆர்டர்ல அப்படித்தாம்மா போட்டிருக்கு" என்றேன்.

தலையாட்டினாள். அழவில்லை. "சரி அங்கிள். தெரிஞ்சா போதும்" என்றாள். என் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு சாரி என்றும் சொன்னாள். அதற்கு நான் பரவாயில்லை என்றேன்.

பாராட்டும் பதவி உயர்வும் வந்த சர்வீஸில் என்னை வெட்கப்பட வைப்பது இந்த ஒரு 'பரவாயில்லை'தான். மூர்த்தி சார் இப்போது இல்லை. தேவராஜின் நிலத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. அவர் ஊருக்குப் போய்விட்டார் என்கிறார்கள். நித்யாவின் வீட்டு விலாசம் என் பழைய டைரியில் இருக்கிறது. இங்கிருந்து நடந்தால் இருபது நிமிடம்.

அது உன் தப்பில்லை அம்மா என்று மேலே இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். எழுதி முடித்துப் படித்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. நித்யாவுக்குத் தமிழ் பேசினால் புரியும். படிக்கத் தெரியாது.